திருமலை அயல்வீடுகள்



கணவரின் தொழிலுக்காகப் பிறந்த ஊரை விட்டு வேறோர் ஊரில் குடித்தனம் நடத்தும் பெண்கள் நம் சமூகத்தில் எத்தனையோ பேர். சிலர் ரியாத்திலும் தோஹாவிலும் அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறார்கள். சிலர் கோலாலம்பூரிலும் பேங்கொக்கிலும் இருக்கிறார்கள். இன்னும் சிலர் ஆசிரியர் இடமாற்றம், வங்கி இடமாற்றம் என்று நாட்டுக்குள்ளேயே மாகாணம் விட்டு மாகாணம் போய்ச் சேர்கிறார்கள். கடல் கடந்தாலும் மாகாணம் கடந்தாலும் முதல் நாள் இரவில் மனதில் எழும் கேள்வி ஒன்றுதான்: "இங்கே எனக்கென்று யார் இருக்கிறார்கள்?"

இந்தக் கேள்விக்குத் திருகோணமலைத் துறைமுக நகரம் எங்கள் குடும்பத்துக்கு என்ன பதில் தந்தது என்பதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

இரு கடல்களுக்கு நடுவே ஓர் ஊர்

திருமலையைப் பார்த்திராத சகோதரிகளுக்காக ஊரைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். நகரம் ஒரு குறுகிய நிலத்தின் மேல் அமர்ந்திருக்கிறது. ஒரு பக்கம் திறந்த வங்காள விரிகுடா. மறுபக்கம் குன்றுகள் சூழ்ந்த உட்துறைமுகம். உலகின் மிகப் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று அது; நீர்ப்பரப்பு மட்டும் சுமார் 1,600 ஹெக்டெயர். தெற்கே கொட்டியாரக் குடா விரிந்து கிடக்கிறது. மலைநாட்டில் பிறந்து 335 கிலோ மீற்றர் ஓடி வரும் மகாவலி கங்கை அங்கேதான் கடலில் கலக்கிறது. குடாவின் அக்கரையில் மூதூர், இடையில் கிண்ணியா. 2009ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, கச்சேரிக்கும் கடைத்தெருவுக்கும் வர அந்த மக்கள் இழுவைப் படகையே நம்பியிருந்தார்கள்.

நீங்கள் காலையில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பாணுக்கும் இந்தத் துறைமுகத்துக்கும் தொடர்பு உண்டு. கப்பலில் வந்திறங்கும் கோதுமை சீனன்குடா மா ஆலையில் அரைக்கப்பட்டே நாட்டின் பல மூலைகளுக்கும் போகிறது. பிரித்தானியர் கட்டிய பிரம்மாண்டமான எண்ணெய்த் தாங்கிகளும் அங்கேதான் இருக்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய இடமும் அதுவே.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தில் சுமார் 3 இலட்சத்து 80 ஆயிரம் மக்கள் இருந்தார்கள். முஸ்லிம்கள், தமிழர்கள், சிங்களவர்கள் என மூன்று சமூகங்களும் இங்கே வாழ்கின்றன. இவற்றில் எந்தச் சமூகமும் மொத்தத்தில் பாதியை எட்டவில்லை. எவரும் தனியே "இது எங்கள் ஊர்" என்று சொல்லிவிட முடியாது. அயலாரை விட்டால் எவருக்கும் வேறு வழியும் கிடையாது!

சுவருக்குள் வாழ்ந்தவர்கள்

இந்தத் துறைமுகத்துக்கு வந்த அந்நியர்களின் பட்டியல் நீளமானது. போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களையும் கொண்டு 1624இல் கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். 1782இல் ஒரே ஆண்டுக்குள் ஆங்கிலேயரும் பின்னர் பிரெஞ்சுக்காரரும் மாறி மாறிக் கைப்பற்றினார்கள். 1795இல் மீண்டும் வந்த ஆங்கிலேயரின் கடற்படைத் தளம் 1957ஆம் ஆண்டு வரை இங்கே இருந்தது. இத்தனை பேரும் கனத்த சுவர்களுக்குள் வாழ்ந்துவிட்டுப் போய்விட்டார்கள். இன்று அந்தக் கோட்டைக்குள் போனால் மரநிழலில் புள்ளிமான்கள் படுத்திருக்கக் காணலாம்.

ஆனால் சுவர் இல்லாமல் வாழ நேர்ந்த ஓர் அந்நியரும் உண்டு. 1660இல் கொட்டியாரக் குடாவுக்கு வந்த ஆங்கிலக் கப்பலில் இருந்த றொபர்ட் நொக்ஸ் என்ற இளைஞர் கண்டி மன்னரின் ஆட்களிடம் பிடிபட்டார். 19 ஆண்டுகளுக்கு மேல் அவர் கைதி. ஆனால் அவரை வைத்திருந்தது சிறைக்கூடத்தில் அல்ல. கிராமங்களில், மக்கள் நடுவே. அவருக்கு உணவளிக்கும் பொறுப்பு கிராமத்தவர்மீது சுமத்தப்பட்டது. அவர் அவர்களுடைய மொழியைக் கற்றார். தொப்பி பின்னி விற்றார். நெல்லைக் கடன் கொடுத்துப் பிழைத்தார். 1679இல் தப்பிப் போய், 1681இல் இந்த நாட்டைப் பற்றி அவர் வெளியிட்ட நூலை வரலாற்றாசிரியர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். கோட்டைக்குள் இருந்த தளபதிகள் பலரை விட இந்த நாட்டின் அடுப்படியை அவர் நன்றாக அறிந்திருந்தார். அயல் வீட்டின் தயவில் வாழ்ந்தவர் அல்லவா!

நாங்கள் வந்து சேர்ந்த கதை

எங்கள் ஊர் மேற்குக் கரையில், பேருவளைப் பக்கம். 2014 ஜூன் 15ஆம் திகதி அளுத்கம, தர்கா நகர், பேருவளைப் பகுதிகளில் நடந்த வன்செயல்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்கடுத்த ஆண்டு எனக்குத் திருமலைக்கு இடமாற்றம் வந்தது. கொழும்பிலிருந்து சுமார் 260 கிலோ மீற்றர். உட்துறைமுக வீதிக்குச் சற்று உள்ளே ஒரு வாடகை வீடு கிடைத்தது. இடப் பக்கம் ஓய்வு பெற்ற ஒரு தமிழ் ஆசிரியை. வலப் பக்கம் துறைமுகத்தில் வேலை செய்யும் ஒருவரின் சிங்களக் குடும்பம். எதிரே கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் குடும்பம். "இரண்டு பக்கமும் பிற சமூகத்தவர்களா?" என்று என் துணைவி கேட்ட முதற் கேள்வியில் அந்த ஜூன் மாதம் முழுவதும் இருந்தது.

புது ஊரில் எல்லாமே தலைகீழாகத் தோன்றும் சகோதரிகளே! எங்கள் ஊரில் கிப்லாவை நோக்கி நின்றால் கடலைப் பார்த்து நிற்போம். இங்கே வங்கக் கடல் முதுகுக்குப் பின்னால். அங்கே சூரியன் கடலில் மறையும். இங்கே கடலிலிருந்து எழும். எங்கள் ஊரில் மே மாதம் மழை தொடங்கிக் கடல் கொந்தளிக்கும். இங்கே அப்போதுதான் கடல் குளம் போலக் கிடக்கும். நிலத்திலிருந்து கச்சான் காற்று அடுப்பு அனலாய் வீசும். மார்கழியில் அங்கே கடல் அமைதி. இங்கே வாடையும் மழையும். இதனால்தான் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் பருவத்துக்குப் பருவம் இந்தக் கிழக்குக் கரைக்கு வந்து வாடி அமைத்துத் தொழில் செய்கிறார்கள். ஊர் மாறி வாழ்வது இந்தக் கரைக்குப் புதிதல்ல.

பேச்சிலும் அப்படித்தான். எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் மூத்த சகோதரியைத் "தாத்தா" என்போம். என் துணைவி முதல் வாரம் வேலிக்கு மேலாக ஆசிரியையைப் பார்த்து, "தாத்தா, நல்லா ஈக்கிறீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். அந்த அம்மா திகைத்துப் போனார். தமிழர்களுக்குத் தாத்தா என்றால் பாட்டனார் அல்லவா! வலப் பக்கத்து வீட்டுப் பெண் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சிங்களத்தில் தாத்தா என்றால் தகப்பன்! எதிர் வீட்டுக் கிண்ணியாப் பெண், "இங்க நாங்க ராத்தா என்றுதான் சொல்ற" என்று திருத்தினார். கடைசியில் தமிழுக்கும் சிங்களத்துக்கும் பொதுவான "அக்கா" என்ற சொல்லே தீர்ப்பாயிற்று. அன்றிலிருந்து அவர் எங்களுக்கு ரீச்சர் அக்கா.

தட்டு போனது, வந்தது

ஆரம்ப ஆண்டுகளில் எங்கள் உறவு தட்டுகளால் நடந்தது. நோன்பில் கஞ்சி போகும். பெருநாளில் வட்டிலப்பம் போகும். தட்டு ஒருநாளும் வெறுமையாகத் திரும்பாது. சீனியோ பழமோ அதில் இருக்கும். சிங்களப் புத்தாண்டுக்குக் கொக்கிஸ் வரும். கிண்ணியா வீட்டிலிருந்து சட்டித் தயிர் வரும். ரீச்சர் அக்காவிடமிருந்து தைப்பொங்கலன்று பொங்கல் வரும். அதைக் கொடுக்கும்போதே அவர் சொல்வார்: "படைக்கிறதுக்கு முன்னமே உங்களுக்கெண்டு வேறையா எடுத்து வைச்சது." எங்கள் மார்க்கத்தின் எல்லை எங்கே இருக்கிறது என்று நாங்கள் அவருக்கு விளக்கவில்லை. பல்லாண்டு காலம் முஸ்லிம் அயலவரோடு வாழ்ந்த பழக்கத்தில் அவருக்கே தெரிந்திருந்தது. அவர் வீட்டுக்குப் போகும் பாத்திரத்தில் மாட்டிறைச்சி பட்டிருக்கக் கூடாது என்பதை நாங்களும் நினைவில் வைத்தோம்.

ஆனாலும் சகோதரிகளே, தட்டு வாசலோடு நின்றது. யாரும் யாருடைய அடுப்படிக்குள்ளும் வரவில்லை. என் துணைவி மாலையானதும் கதவைத் தாழிட்டுவிடுவார். கொடுப்பது எளிது, கொடுப்பவர் கை எப்போதும் மேலே இருக்கிறது. கேட்பதுதான் கடினம்.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி குண்டுத் தாக்குதல்களுக்குப் பின் முழு நாடுமே நம்மைச் சந்தேகக் கண்ணோடு பார்த்த நாட்கள் வந்தன. அதே மாத இறுதியில் முகத்தை மூடும் உடைக்கு அவசரகாலச் சட்டத்தின் கீழ் தடை வந்தது. முகம் மூடாத பெண்கள்கூட அபாயாவோடு வெளியே போக அஞ்சினார்கள். மகளுக்குக் காய்ச்சல். நான் பாடசாலையில். என் துணைவி முதல் முறையாக வலப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். "என்னோடு கிளினிக்குக்கு வருவீங்களா?" என்று கேட்டார். அந்தச் சகோதரி அடுப்பை அணைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு கூடவே நடந்தார். வழியில் சோதனைச் சாவடியில் அவரே முன்னின்று பேசினார். திரும்பி வந்தபோது அவர் எங்கள் அடுப்படியில் அமர்ந்து தேநீர் குடித்தார். நாலாண்டுத் தட்டுப் பரிமாற்றம் செய்யாததை அந்த ஒரு கேள்வி செய்தது.

ஒரே அடுப்பு

அடுத்த பாடம் 2022இல் வந்தது. எரிவாயு இல்லை, எரிபொருள் இல்லை, மின்சாரமும் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம் இல்லை. சிலிண்டருக்காக விடிய விடிய வரிசை. நகரப் பழக்கத்தில் வளர்ந்த என் துணைவிக்கு விறகடுப்பு மூட்டத் தெரியாது. ரீச்சர் அக்காவின் பின் வளவில் ஓர் ஓலைப் பத்தியும் பழைய மண் அடுப்பும் இருந்தன. வேலியருகே போய், "எனக்கு அடுப்பு மூட்டக் காட்டித் தாங்க" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியால் ரீச்சர் அக்காவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் அவர் தனியே. நெடுநாளாக யாரும் அவரிடம் எதையும் கற்றுத் தரும்படி கேட்டிருக்கவில்லை. பனைமட்டையையும் பாளையையும் எப்படி அடுக்குவது, ஊதுகுழலை எந்தக் கோணத்தில் பிடிப்பது என்று ஒரு பாடமே நடத்தினார்!

சில நாட்களில் மூன்று வீடுகளும் அந்த அடுப்பில் முறை வைத்துச் சமைக்கத் தொடங்கின. யாரும் சட்டம் எழுதவில்லை. ஆனால் சட்டம் இருந்தது. அவரவர் பானை அவரவருக்கு. வெள்ளிக்கிழமை ரீச்சர் அக்காவின் மரக்கறிச் சமையல் முதலில், மீன் பிறகு. போயா தினத்தில் சிங்களச் சகோதரி பன்சலைக்குப் போக வேண்டும் என்பதால் அவருக்கு முன்னுரிமை. அந்த அடுப்பில் மாட்டிறைச்சி ஏற்றுவதில்லை என்று என் துணைவி தானாகவே தீர்மானித்தார். அவ்வாண்டு ரமழான் ஏப்ரலில் வந்தது. அஸருக்குப் பின் ரீச்சர் அக்கா அடுப்பை மூட்டி வைத்துவிட்டுக் குரல் கொடுப்பார். பூண்டும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் சேர்த்து, இறைச்சி போடாமல் கஞ்சி காய்ச்சினோம். அவரும் ஒரு கோப்பை குடிக்கட்டும் என்பதற்காக.

கவனியுங்கள் சகோதரிகளே: எவரும் தம் நம்பிக்கையில் ஓர் அரிசி அளவும் விட்டுக்கொடுக்கவில்லை. எல்லை தெளிவாக இருந்ததால்தான் அந்த நெருக்கமும் அச்சமில்லாமல் இருந்தது.

துக்கம் வந்தபோது

இந்த ஊர் வடுக்கள் நிறைந்த ஊர். 1983க்குப் பின் கால் நூற்றாண்டு யுத்தம். 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கிக் கிண்ணியாவையும் மூதூரையும் அள்ளியது. கிண்ணியா ஆஸ்பத்திரியே அழிந்தது. 2006 ஆகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் கையில் அகப்பட்டதோடு கந்தளாய்க்கு ஓடினார்கள். தமிழர்களும் சிங்களவர்களும் இங்கே இடம்பெயர்ந்து அலைந்திருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் சுவரில் மாட்டிய ஒரு படம் உண்டு.

2021 நவம்பர் 23ஆம் திகதி குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாத நிலையில் ஓடிய இழுவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பல உயிர்கள் போயின. எதிர் வீட்டு ராத்தாவின் உறவினர்கள் அந்தப் பக்கம் இருக்கிறார்கள். செய்தி வந்ததும் அவர் வாசற்படியிலேயே அமர்ந்துவிட்டார். ரீச்சர் அக்கா அன்று தம் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. "பள்ளிக்கூடச் சீருடையோட போன பிள்ளையள்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். சிங்களச் சகோதரி எங்கள் எல்லோருக்கும் தேநீர் ஊற்றினார். மூன்று மொழியிலும் துக்கத்துக்கு அன்று சொல் தேவைப்படவில்லை.

எல்லாக் கதவும் திறந்தது என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் ஒழுங்கையில் இன்றும் ஸலாமுக்கும் வணக்கத்துக்கும் ஆயுபோவனுக்கும் பதில் சொல்லாத வீடு ஒன்று உண்டு. 2018இல் இதே நகரில் ஆசிரியைகளின் அபாயா பெரும் சர்ச்சையானபோது ரீச்சர் அக்காவும் நாங்களும் ஒரே கருத்தில் இருக்கவும் இல்லை. இரண்டு நாள் வேலிப் பேச்சு நின்றது. மூன்றாம் நாள் முருங்கைக்காய் வந்தது. கருத்து மாறவில்லை, பேச்சு தொடர்ந்தது.

நமக்கு என்ன பாடம்?

அண்டை வீட்டாரைப் பற்றிக் குர்ஆன் பேசும் இடத்தை, அந்நிஸா அத்தியாயத்தின் 36ஆம் வசனத்தை, நிதானமாக ஓதிப் பாருங்கள். உறவினரான அண்டை வீட்டார், அந்நியரான அண்டை வீட்டார், பக்கத்தில் இருக்கும் தோழர், வழிப்போக்கர் ஆகிய நால்வரும் அங்கே ஒன்றாகவே சொல்லப்படுகிறார்கள். நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரழி) அவர்கள் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, யூத அயலவருக்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்ப விசாரித்த செய்தி ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. கொடுக்க வேண்டும் என்பதை நாம் மிம்பர்களில் கேட்டு வளர்ந்தோம். ஊர் மாறி வந்த குடும்பத்துக்கு இன்னொன்றும் தேவை: அயலாரிடம் கேட்கும் துணிவு. நாம் ஒன்றைக் கேட்கும்போது, "உங்கள்மீது எனக்கு நம்பிக்கை இருக்கிறது" என்று சொல்கிறோம். கொடுப்பதால் மட்டும் அதைச் சொல்லிவிட முடியாது.

தமிழில் "அயல்" என்ற சொல்லைக் கவனித்திருக்கிறீர்களா? அந்நியரும் அயலார்; பக்கத்து வீட்டாரும் அயலார். ஒரே சொல்! முதற் பொருளிலிருந்து இரண்டாம் பொருளுக்குப் போக ஒரு வேலியைத்தான் கடக்க வேண்டும்.

ஆகவே, புது ஊருக்குக் குடிபோகும் சகோதரியே, முதல் வாரத்திலேயே பக்கத்து வீட்டில் ஏதாவது சிறியதொன்றைக் கேளுங்கள். நல்ல மீன் எங்கே வாங்கலாம், எந்த டொக்டரிடம் பிள்ளையைக் காட்டலாம், கிணற்று நீர் குடிக்க உகந்ததா என்று கேளுங்கள். அவர்கள் மொழியில் பத்துச் சொற்களாவது கற்றுக்கொள்ளுங்கள். தவறாகச் சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். உங்கள் மார்க்க எல்லையை முகச்சுளிப்பின்றிச் சொல்லுங்கள். அவர்களுடைய எல்லையையும் கேட்டறியுங்கள். சொந்த ஊரில் இருக்கும் சகோதரியே, உங்கள் தெருவுக்கு ஒரு வெளியூர்க் குடும்பம் வந்தால், அவள் கேட்கத் தயங்குவாள் என்பதை அறிந்து நீங்களே வாசலுக்குப் போங்கள்.

இந்த நாட்டில் இனியொரு கலவரம் வராது என்று எவரும் எழுதித் தர முடியாது. ஆனால் அப்படி ஒரு வதந்தி எழும் இரவில், யாருடைய கதவைத் தட்டலாம் என்று தெரிந்திருக்கும் தெரு வேறு. தெரியாத தெரு வேறு. அந்தக் கதவைக் கண்டுபிடிக்க வேண்டிய நாள் கலவர நாள் அல்ல. வீட்டில் உப்பு முடிந்துபோகும் ஒரு சாதாரண நாள்.